மாடியிலிருந்து தெரியாத கோடுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடுகளை நான் போட்டேன். எங்கள் வீட்டு முன்புறத்துப் புல்லில், ஒரு பட்டை வெளிர் பச்சை, அடுத்த பட்டை கரும் பச்சை என்று மொத்தம் பதினோரு பட்டைகள். எண்ணிப் பார்த்தவள் நான். என் அப்பா பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காததற்கு அவர் சொன்ன காரணத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷம் அது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகு மிச்சப் பகல் முழுவதும் என் கையில் கிடக்கும். ஆனையூரில் நாங்கள் அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே இருபதடி, வீட்டின் அகலத்துக்கு நாற்பதடி என்று ஒரு மண் தரை சும்மா கிடந்தது. அந்தத் தரைக்குத்தான் அத்தனை சண்டையும்.

அப்பாவுக்கு டவுனில் உரக்கடை. பூர்வீகம் கொட்டாம்பட்டிப் பக்கம். நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்ததால் வருஷா வருஷம் தை மாதம் எங்கள் பங்கு நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஈரம் போகாமல் வரும். வாடகை வீட்டில் இருந்தவரை அதைத் தார் ரோட்டில் கொட்டித்தான் காயவைத்தோம். அதன் மேல் பஸ் ஏறும், ஆடு வாய் வைக்கும், சைக்கிள்காரர்கள் வேண்டுமென்றே நடுவில் புகுந்து போவார்கள். சொந்த வீடு கட்டியதும் அப்பாவுக்கு இருந்த ஒரே ஆசை, முன்னால் சிமெண்டில் ஒரு களம் போட வேண்டும் என்பதுதான். கொத்தனாரிடம் பேசியும் வைத்துவிட்டார்.

என் ஆசை வேறு. கல்லூரி நூலகத்தில் கழித்துக்கட்டிய இங்கிலீஷ் தோட்டப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருந்தது. அதன் நடுப்பக்கத்தில் ஒரு வீடு, வீட்டு முன்னால் புல்வெளி, அந்தப் புல்லில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரிக் கோடுகள். ஒரு பட்டை வெளுப்பு, ஒரு பட்டை அடர்த்தி. புல் ஒன்றுதான், நிறம் இரண்டு. அது எப்படி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதை விளக்கியிருக்க வேண்டிய அடுத்த பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பின்பக்கத்தில் கேக் செய்முறை இருந்திருக்கும், வேறு எதற்குக் கிழிப்பார்கள்?

படத்தை அப்பாவிடம் காட்டினேன்.

"இது என்னத்தா, கோரப்பாயா?"

"புல்லுப்பா. நம்ம வீட்டு முன்னாடி இப்படிப் போடலாம்."

"புல்லு போட்டா மாடு வாங்கணும். வாங்கவா?"

"திங்கிற புல்லு இல்லப்பா. பாக்குற புல்லு."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? பாக்குற புல்லாம். மூணு வருசம் படிக்க வச்சமே, வீண் போகல."

மூன்று நாள் வாதாடினேன். சாப்பாட்டு நேரத்தில், கடைக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் செய்தி கேட்கிற நேரத்தில்கூட. நாலாம் நாள் அவரே ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னார். "சரி, இந்தா. தைக்கு நெல்லு வாரதுக்குள்ள அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டு. நான் மாடியில நின்னு பாப்பேன். தெரிஞ்சா எடம் ஒனக்கு. தெரியலன்னா மறுநாளே கொத்தனாரு வருவாரு. பொறகு மூக்கைச் சிந்திக்கிட்டு வரப்படாது."

அப்பா சொன்ன சொல் மாறாதவர். கடையே அதன் பேரில்தான் ஓடியது. அந்த ஒரு குணத்தை நம்பித்தான் நான் இறங்கினேன். என்னைக் கவிழ்த்ததும் அந்தக் குணம்தான்.

ஆடி மாதம் நாலு சொட்டு மழை விழுந்ததும் தரையைக் கொத்தினேன். எங்களுக்குப் பால் ஊற்றும் அக்கா கண்மாய்க் கரையிலிருந்து இரண்டு சாக்கு அருகம்புல் வேர் கொண்டுவந்து கொட்டினாள். கொட்டிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வயக்காட்டுல இந்த அருகைப் புடுங்கிப் புடுங்கி என் நகமெல்லாம் தேஞ்சு போச்சு. ஒலகத்துலயே இதைக் கொண்டாந்து நட்டுத் தண்ணி ஊத்துறது நீ ஒருத்திதான்."

"நீங்க பாருங்கக்கா, எப்படி வருதுன்னு."

"அது வராமலா? வேணாம்னாலும் வரும்."

வந்தது. ஒரு மாதத்தில் தரை மூடிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல பெயராவது கிடைத்திருக்கும். ஆனால் எனக்குக் கோடு வேண்டுமே. அடர்ந்த பச்சை என்றால் தழைச்சத்து என்று படித்தவள் நான். உரக்கடைக்காரர் மகள் வேறு. அப்பா கடைக்குப் போனதும் குச்சி நட்டு நூல் கட்டி, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டைக்கு யூரியாவைக் கை நிறைய அள்ளித் தூவினேன். இரண்டு நாள் அப்படியே அந்தப் படம் மாதிரி இருந்தது. என் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாள் மழை நின்று வெயில் அடித்தது. உரம் போட்ட பட்டையெல்லாம் கருகிச் சுருண்டுவிட்டது.

அப்பா கேட்டில் நின்றபடியே பார்த்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் மோசம்.

"உரம் விக்கிறவன் வீட்டுலயே உரம் போட்டுக் கருகிப்போச்சுன்னா, எவன் என் கடைக்கு வருவான்? சாக்கை எடுத்துக் கேட்டுல கட்டு. ரோட்டுல போறவன் பாக்கப்படாது."

கேட்டில் சாக்கைக் கட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவரை என்ன செய்ய? ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், தெருவே அவரைக் கார்டு என்றுதான் சொல்லும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் எழுப்பியபோது அது எங்கள் பக்கம் அரையடி தள்ளி வந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால், நேராகப் பேச மாட்டார்கள். கார்டு தன் மாடியில் நின்றுகொண்டு, அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்.

"ஏம்மா, புல்லுக்குச் சூடு போட்டீங்களா? மாட்டுக்குத்தானே போடுவாங்க!"

ஆவணியில் எப்படியோ எல்லாம் தழைத்து ஒரே பச்சையாக வந்துவிட்டது. அருகுக்குச் சாகத் தெரியாது. பழையபடி தளதளவென்று நின்றபோது எனக்கு ஒன்றே ஒன்று மறந்துபோயிருந்தது. அது எந்த மாதம் என்பது.

ஒரு நாள் விடிகாலை கேட் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் தெருப் பெண்கள், தாம்பாளமும் வயர்கூடையுமாக என் புல்லுக்குள் குத்தவைத்துக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார் சதுர்த்தி. ஊரில் கண்மாய்க் கரைக்குப் போய் முள்ளில் தேடிப் பறிக்க வேண்டிய அருகம்புல்லை, வீட்டு வாசலில் ஒருத்தி நட்டு, தண்ணீர் ஊற்றி, வளர்த்து வைத்திருந்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்?

"பிள்ளையாருக்குத்தாம்மா. ஒரு பிடி."

பிள்ளையாருக்கு என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கடன்காரன் வீட்டிலும் பறிக்கலாம், பகையாளி வீட்டிலும் பறிக்கலாம். கார்டு வீட்டு அம்மாவே கூடையோடு வந்திருந்தார். என் அம்மா படியில் நின்று, "வாங்க வாங்க, நெறையக் கெடக்கு, பறிச்சுக்கிடுங்க" என்று ரோட்டில் போனவர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓரத்துல பறிங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"ஓரத்துல நாய் போகும்மா. சாமிக்கு நடுவுல இருக்கிறதுதான் சுத்தம்."

சாமிக்கு ஆகும் பகுதி நுனிதான். மூன்று இலை விரிந்த கொழுந்து. ஏழு மணிக்குள் என் புல்வெளிக்குத் தலையே இல்லை. நடுவில் மட்டும் மொட்டை, சுற்றிலும் முடி. யாரைத் திட்டுவது? பிள்ளையாரையா?

மொட்டையைச் சமப்படுத்த வேண்டும் என்றால் மிஷின் வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் பரவைப் பக்கம் ஒரு கடையில், உடைந்த தையல் மிஷின்களுக்கு அடியில் அது கிடந்தது. கையால் தள்ளுகிற புல்வெட்டி. முன்னால் சுருள் சுருளாகக் கத்திகள் வைத்த உருளை, இரண்டு பக்கமும் சக்கரம், நீளக் கைப்பிடி. பின்னால் ஒரு மர உருளை இருந்திருக்கிறது. அதை யாரோ அடுப்புக்கு எடுத்துவிட்டார்கள், அதை மாட்டுகிற இரும்புக் காது மட்டும் மிச்சம். கடைக்காரருக்கே அது என்ன என்று தெரியவில்லை. "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்மா, உறுதியா இருக்கும்" என்று இரும்பு எடைக்குப் போட்டுக் கொடுத்தார்.

கத்தி மழுங்கியிருந்தது. தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார், கொடுத்தேன். அவர் வாழ்நாளில் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் பிடித்தவர். சுருள் கத்தி ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மீன் வெட்டுகிற கூர்மைக்குத் தீட்டிக் கொடுத்துவிட்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் அந்த மிஷினில் சுருள் கத்தி கீழே இருக்கும் தட்டைக் கத்தியைத் தொட்டுக்கொண்டு சுற்றினால்தான் புல் வெட்டுப்படும். தேய்த்த தேய்ப்பில் இரண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. தள்ளினால் புல் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டது. பிறகு ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, இரண்டு வாரம் நடையாய் நடந்து, தட்டைக் கத்தியை ஏற்றி வாங்கினேன்.

வெட்டத் தொடங்கிய முதல் நாள் கேட்டில் கூட்டம். மிஷினின் கடகடச் சத்தத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. "காலேசு படிச்ச புள்ள புல்லுச் செதுக்குது பாரு" என்று ஒரு குரல். "ஏத்தா, மாப்பிள்ளை வீட்டுல மாடு இருக்கோ?" என்று இன்னொரு குரல். நான் திரும்பவே இல்லை. புல் நன்றாக வெட்டுப்பட்டது. ஆனால் கோடு விழவில்லை. ஒரே மட்டம், ஒரே நிறம்.

அப்படியானால் ஒரு வரி உயரமாகவும் ஒரு வரி குட்டையாகவும் வெட்டினால்? செய்தேன். ஒரு நாள் முழுக்க, நூல் கட்டி, சக்கரத்தின் ஆணியை ஏற்றி இறக்கி. சாயங்கால வெயிலில் பார்த்தால் மங்கலாக ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது. கோடு என்று சத்தியம் செய்ய முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காலையில் நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

காலையில் நான் எழுவதற்கு முன்பே பால்கார அக்கா வந்திருந்தாள். பால் செம்புக்குப் பக்கத்தில் அவள் பன்னரிவாள் கிடந்தது. புல்வெளி முழுவதும் ஒரே மட்டத்துக்கு அறுக்கப்பட்டு, அறுத்த புல் கட்டாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வரி விட்டு ஒரு வரி வெட்டாமக் கெடந்துச்சுத்தா. பாவம், புள்ளைக்குக் கை வலிச்சிருக்கும்னு மிச்சத்தை நானே அறுத்துவிட்டுட்டேன். எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு!"

"அக்கா, அது நான் வேணும்னு விட்டதுக்கா."

"எதுக்கு?"

என்ன சொன்னாலும் அந்த 'எதுக்கு' அப்படியே நிற்கும் என்று தெரிந்தது. அம்மா உள்ளிருந்து, "அவளுக்கு ஒரு வாய் காப்பி குடு, அம்புட்டு வேல பாத்திருக்கா" என்றாள்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை. மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு மூலையில் வைத்துவிட்டேன். புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்து மெத்தென்று ஆகிவிட்டது. அப்பா தினமும் கடைக்குப் போகையில் அதைத் தாண்டிப் போவார். கேட்டருகே நின்று காலடியால் அகலத்தை மட்டும் அளப்பார். களத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அளந்தார்.

மழை விட்ட ஒரு நாள் அம்மா ஜமுக்காளத்தை அலசினாள். தண்ணீர் குடித்த ஜமுக்காளம் தூக்க முடியாத கனம். தூக்காமல், துவைக்கிற கல்லிலிருந்து கொடிக்கம்பிவரைக்கும் என் புல்லின் மேலேயே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஓடியவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் இழுத்துப்போன தடம் முழுவதும் வெளிர் பச்சையாகப் பளபளத்தது. சுற்றி இருந்த புல் அடர்ந்த பச்சை. அந்தக் கோணத்தில், அந்த வெயிலில், படத்தில் இருந்த அதே பட்டை.

தடத்தின் மறுமுனைக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். வெளிர் தடம் இப்போது கரும் தடமாக இருந்தது. இந்த முனைக்கு வந்தால் வெளுப்பு, அந்த முனைக்குப் போனால் அடர்த்தி. இப்படி ஆறேழு தடவை ஓடியிருப்பேன்.

"என்னடி ஆச்சு ஒனக்கு?" என்றாள் அம்மா.

வெட்டுவதில் இல்லை, சாய்ப்பதில் இருக்கிறது! நம்மை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்த இலை தன் முதுகைக் காட்டி வெயிலைத் திருப்பி அடிக்கிறது. நம்மைப் பார்த்துச் சாய்ந்த இலையில் நுனியும் நிழலும்தான் தெரிகின்றன. அவ்வளவுதான் விஷயம். மூன்று வருஷம் இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஈர ஜமுக்காளம் வேண்டியிருந்தது. மிஷினில் காணாமல் போன அந்த மர உருளை எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதுதான் கோடு போடுகிற பாகம். அதைத்தான் எவரோ சுள்ளியாக எரித்திருந்தார்கள்.

வீடு கட்டியபோது மிஞ்சிய சிமெண்ட் குழாய்த் துண்டு ஒன்று பின்கட்டில் கிடந்தது. ஒன்றே முக்கால் அடி நீளம். அதன் நடுவே ஒரு கம்பியை நிறுத்தி, ஜல்லியும் சிமெண்டும் குழைத்து நானே ஊற்றினேன். காய்ந்த பிறகு கம்பியின் இரு முனையிலும் கயிறு கட்டி இழுத்தால் உருண்டது. மிஷினை உயரத்தில் வைத்துப் புல்லின் நுனியை மட்டும் தட்டிவிட்டு, உருளையைப் போகும்போது ஒரு பட்டை, வரும்போது அடுத்த பட்டை என்று இழுத்தேன். அருகு விறைப்பான புல். ஒரு நாள் சாய்த்தால் மறுநாள் எழுந்து நிற்கும். மார்கழி முழுவதும் பனி இறங்கிய காலையில், அதே தடத்தில், அதே திசையில் விடாமல் இழுத்தேன். நீளவாக்கில் நாற்பதடிக்கு இழுத்தேன், அப்படியானால் திருப்புகிற வேலை குறைவு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருபதடிக்கு இழுத்தால் நின்று நின்று திருப்ப வேண்டும், அந்தக் கனத்துக்கு என் இடுப்பு சம்மதிக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள், கார்டு வீட்டு மதிலை ஒட்டி நின்று பார்த்தேன். பதினோரு பட்டைகள், நாற்பதடி நீளத்துக்கு, வெளுப்பும் கருமையுமாக.

மாடி ஏறி ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கண் முன்னால் தெரிகிறதை எதற்கு மாடி ஏறிப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். நெல் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நேராக அப்பாவைத்தான் கூப்பிட்டேன்.

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வழக்கைத் தீர்க்கப் போகிறவர் மாதிரி மாடி ஏறினார். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கத்தா?"

நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரே பச்சை. ஒரு கோடுகூட இல்லை.

ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஒரு பட்டை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்தது வலது பக்கம். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எல்லாப் பட்டையும் பக்கவாட்டில்தான் தெரியும். முதுகும் தெரியாது, நுனியும் தெரியாது. பட்டையின் முனையில் நின்றால்தான் நிறம் பிரியும். முனையில் நிற்கிற மாடி எங்களுடையது இல்லை.

அந்த மாடியில் கார்டு துணி எடுக்க வந்திருந்தார். கீழே பார்த்தவர் கையில் இருந்த துண்டை விட்டுவிட்டார்.

"ஆத்தாடி! என்னம்மா இது, வீட்டு முன்னாடி பட்டாபட்டி டவுசரைத் தச்சு விரிச்சிருக்க!"

"அப்பா, கேட்டீங்களா? அவருக்குத் தெரியுதுப்பா!"

"தெரியிறவகளுக்குத் தெரியட்டும். எனக்குத் தெரியல."

"சொல்லும்மா உங்கப்பாகிட்ட" என்றார் கார்டு. "இங்கிட்டு வந்து நின்னு பாத்தா அம்புட்டும் தெரியும். முப்பது வருசம் கொடி காட்டுன கண்ணு, பொய் சொல்லாது."

"சொல்லு அவருகிட்ட. என் எடத்துல அரையடி தின்ன மனுசன் வீட்டு மாடியில நான் கால் வைக்க மாட்டேன்."

"சொல்லும்மா, அரையடிய நான் திங்கல, செவுருதான் தின்னுருச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். நடுவில் நான் டெலிபோன் கம்பி மாதிரி நின்றேன்.

"அப்பா, ரெண்டே நிமிசம்ப்பா. ஏறிப் பாத்துட்டு வந்துருங்க. ஆறு மாசமாப் பட்ட பாடுப்பா."

"நான் என்ன சொன்னேன்? மாடியில நின்னு பாப்பேன்னேன். எந்த மாடி? நம்ம மாடி. இங்கேருந்து தெரியுதா? நீயே சொல்லு."

பொய் சொல்ல வரவில்லை. "தெரியல" என்றேன்.

"பொறகென்ன?" என்றவர் இறங்கப் போனார். பாதிப் படியில் நின்று, "நெல்லு இன்னும் வரலல்ல. அதுக்குள்ள மாத்திப் போடு பாப்போம்" என்றார். நியாயஸ்தர் என்ற நினைப்பு!

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் உருளையை வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இழுத்தேன். ஒரு மாதம் படுக்கவைத்த புல், ஒன்றரை நாளில் திரும்பிப் படுக்குமா? கொஞ்சம் இப்படிச் சாய்ந்தது, கொஞ்சம் அப்படி நின்றது. இப்போது எங்கள் மாடியிலிருந்தும் தெரியவில்லை, கார்டு மாடியிலிருந்தும் தெரியவில்லை. கார்டு எட்டிப் பார்த்து, "என்னம்மா, டவுசரைத் தோய்ச்சுட்டியா?" என்றார். வேறு யாரிடமும் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அந்த உருளையை எட்டி உதைத்துக் காட்டினேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் விடிகாலை கொட்டாம்பட்டியிலிருந்து நெல்லும் ஆட்களுமாக டிராக்டர் வந்துவிட்டது. அறுப்பு நேரத்தில் மழை பெய்ததால் நெல் வழக்கத்தைவிட ஈரம். அன்றே விரிக்காவிட்டால் முளைவிட்டுவிடும். களம் இன்னும் இல்லை. கொத்தனார் வர, சிமெண்ட் போட, அது காய எப்படியும் பத்து நாள். அப்பா புல்வெளியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"விரிங்கடா இதுலயே."

சாக்குகளைப் பிரித்து நீளநீளமாகத் தைத்த படுதாக்களை வாசற்படியிலிருந்து கேட்டுவரைக்கும் வரிசையாக விரித்தார்கள். இரண்டு படுதாவுக்கு நடுவே ஆள் நடக்க ஒரு தடம் விட்டார்கள். அதில் நின்றுதான் நெல்லைக் காலால் கிண்டிவிட வேண்டும். ஆறு நாள் அது அங்கேயே கிடந்தது. பகலில் பரப்புவது, சாயங்காலம் அதிலேயே குவித்து மூடுவது. காக்கை விரட்டியதும் நெல் கிண்டியதும் வேறு யார்? நான்தான். என் கோட்டின் மேல் நடந்துகொண்டே என் காலால் கிண்டினேன்.

ஏழாம் நாள் நெல்லை மூட்டை கட்டி, படுதாவைச் சுருட்டி மாடியில் உலர்த்தப் போட்டார்கள். நான் வெளியே வரவேயில்லை. கொத்தனார் கேட்டருகே வந்து நின்று மூங்கில் முளை அடிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து அப்பாவின் குரல்.

"ஏத்தா! இங்கிட்டு ஏறி வா!"

போனேன். கீழே பார்த்தேன். வெயிலும் காற்றும் படாமல் ஆறு நாள் படுதாவுக்கு அடியில் கிடந்த புல் வெளிறிப்போய், முற்றிய எலுமிச்சம்பழ மஞ்சளாக இருந்தது. நடக்கிற தடத்தில் விட்டுவைத்த புல் அப்படியே பச்சை. ஒரு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு பச்சை. எந்த மாடியிலிருந்து பார்த்தாலும், எந்த வெயிலில் பார்த்தாலும் தெரிகிற கோடு. பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடத் தெரியும்.

"தெரியுதுல்ல?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "நான் சொன்னா சொன்னதுதான். எடம் ஒனக்கு." கீழே குனிந்து, "அண்ணே, வேணாம்ணே, களம் கெடையாது, போயிட்டு வாங்க" என்று கொத்தனாரை அனுப்பிவிட்டார்.

"அப்பா, அது நான் போட்ட கோடு இல்லப்பா. அது புல்லு செத்துக்கிட்டு இருக்கு."

"கோடு தெரியணும்னேன். தெரியுது. எவன் போட்டான்னா கேட்டேன்?"

"நெல்லு வாரதுக்குள்ளன்னு சொன்னீங்களே."

"இப்ப என்னத்தா, களம் வேணுங்கிறியா, வேணாங்கிறியா?"

இந்த வாதத்தில் நான் ஜெயித்தால் கொத்தனார் திரும்பி வருவார். அவர் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. வேண்டுமென்றே ஒரு வாதத்தில் நான் தோற்றது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு யோசனையோடு சொன்னார். "அடுத்த வருசமும் இதுலயே விரிச்சிருவோம். நெல்லும் காஞ்சிரும், ஒனக்குக் கோடும் விழுந்துரும். சோலி ஒண்ணு."

அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். "எம் மக போட்ட கோடு. இங்கிலீஷ் புத்தகத்தைப் பாத்துப் போட்டா." வந்தவர்கள் என் பக்கம் திரும்பி, "எப்படித்தா போட்ட?" என்பார்கள். ஜமுக்காளத்தில் தொடங்கி, இலையின் முதுகு, நுனி, வெயில் என்று சொல்ல ஆரம்பிப்பேன். இரண்டாவது வாக்கியத்துக்குள் அப்பா இடையில் புகுந்துவிடுவார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. ஆறு நாளைக்கு நெல்லைக் காயப்போடணும், அம்புட்டுத்தான்."

அவர்களும் தலையாட்டுவார்கள். நான் கீழே இறங்கிவிடுவேன்.